இடக் காதில் உயரம், வலக் காதில் கட்டுப்பாட்டாளர்

வயர் அறுந்துபோன ஹெட்செட்டை ஹட்டனில் கொடுத்துத் திருத்தி எடுத்து வந்த அன்று, தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணே, எனக்கும் பார்வை இல்லை. விமான சிமியுலேட்டருக்குக் காசு செலவழிக்கலாமா?" என்று கேட்டார். திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ திரைவாசிப்பானின் துணையோடு நான்கு வருடமாக சிமியுலேட்டரில் போயிங் 737 ஓட்டுகிறவனுக்கு ஒரே சொல்லில் விடை வரவில்லை.

தனியாகப் பறப்பதில் பெரிய சிக்கல் இல்லை. டாக்கிங் ஃப்ளைட் மானிட்டர் என்ற மென்பொருள் உயரத்தையும் வேகத்தையும் திரைவாசிப்பான் வழியே வாய்விட்டுச் சொல்கிறது. விமானியறைக் கணினியின் திரையை வரி வரியாக வாசிக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தின் 22ஆம் ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் வானொலி அலையைப் பிடித்து இறங்கும்போது "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று விமானமே ஆங்கிலத்தில் எண்ணி முடிக்க, சக்கரம் தரையைத் தொடும் அந்த ஓசைக்காகவே எத்தனையோ இரவுகள் விழித்திருக்கிறேன்.

இணையத்தில் பலர் சேர்ந்து பறக்கும் வாட்சிம் வலையமைப்பில் இணைந்த பிறகுதான் தலைவலி தொடங்கியது. 2001 முதல் இலவசமாக இயங்கும் அதில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களாகப் பேசுவோர் உண்மையான மனிதர்கள். திசை, உயரம், அலைவரிசை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். பார்வையுள்ளவர் உயரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதைக் கேட்பார். எனக்கோ இரண்டுக்கும் காதுதான். ஒருமுறை சென்னைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது கட்டுப்பாட்டாளர், ராடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க டிரான்ஸ்பாண்டர் குறியீடு ஒன்றைத் தந்தார். அதே கணத்தில் திரைவாசிப்பான் உயரத்தைச் சொல்ல, முதல் இரண்டு இலக்கங்களை அவரிடமிருந்தும் மற்ற இரண்டை உயரமானியிலிருந்தும் எடுத்துத் தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தக் குறியீட்டில் 8, 9 ஆகிய இலக்கங்கள் வருவதில்லை என்பதால்தான் தவறு பிடிபட்டது.

கன்ட்ரோல் விசையை அழுத்தினால் திரைவாசிப்பான் வாயடைத்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இறங்கும்போது உயரத்தைச் சொல்லும் குரலை அடக்க மனம் வருவதில்லை. எங்கள் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, ஹஜ் யாத்திரிகர்களோடு கட்டுநாயக்கவுக்கு வந்துகொண்டிருந்த டிசி-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ இறங்கி மோதியதில் 191 பேர் இறந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, சிமியுலேட்டரில் கூட அந்தக் குரல் இல்லாத பத்து விநாடி நீளமானது.

ஆகவே மடிகணினியில் செருகிய சிறிய இயர்போனை இடக் காதிலும், யூஎஸ்பி ஹெட்செட்டின் ஒரு பக்கத்தை வலக் காதிலும் வைத்து, திரைவாசிப்பானை முன்னதற்கும் வாட்சிமைப் பின்னதற்கும் பிரித்துவிட்டேன். நன்றாகவே வேலை செய்கிறது, ஜூன் மாதத்து மழை தகரக் கூரையில் மூன்றாவது குரலாகச் சேரும்வரை. விமானத் திட்டத்தின் குறிப்பில் எழுத்து வழித் தொடர்பு என்று பதிந்து, அறிவுறுத்தல்களை எழுத்தாகவே பெறவும் முடியும். தவறவிட்ட வரியைத் திரும்ப வாசிக்கலாம். ஆனால் அதுவும் அதே இடக் காதில், உயரத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டபோது எந்தக் கட்டுப்பாட்டாளரும் என்னிடம் சினந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோபமெல்லாம் சிமியுலேட்டரைச் செய்தவர்கள் மீதுதான். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் தொடக்கத் திரையில் திரைவாசிப்பான் "பட்டன், பட்டன், பட்டன்" என்கிறது. எது எந்தப் பொத்தான் என்று சொல்ல, பாடசாலை விட்டு மருமகன் வரும்வரை காத்திருக்கிறேன். மலைகளையும் மேகங்களையும் அத்தனை நுணுக்கமாக வரைந்தவர்களுக்கு ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க நேரமில்லையாம்.

தம்பிக்கு நான் சொன்ன பதில், இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான். யூஎஸ்பி ஹெட்செட் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அவர் கேட்டபோது, அதையும் விவரமாகச் சொன்னேன்.