மஞ்சள் அனிமோனி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

கேஎல்லில் (கோலாலம்பூரில்) உப்புநீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. போட்டால் கடைக்காரர் அவதூறு, வழக்கு என்று கிளம்பிவிடுவார்.

தைப்பூசம் முடிந்த வாரம் அங்கே ஒரு அனிமோனியைப் பார்த்தேன். அனிமோனி என்றால் பூ மாதிரி விரியும் கடல் பிராணி. வாயிலிருந்து அடிக்கால் வரை ஒரே எலுமிச்சை மஞ்சள். "ரேர் பீஸ் தம்பி. நாளைக்கு வந்தா இருக்காது" என்றார் கடைக்கார அண்ணன். 220 வெள்ளி (ரிங்கிட்). நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கினேன். செந்தூல் வீட்டில் பையை அவிழ்த்தபோதே தண்ணீர் லேசாக மஞ்சளடித்திருந்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன் பாருங்கள், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

நாலாம் நாள் ஃபில்டரில் மாட்டியிருந்த வெள்ளைத் துணிப்பையைக் கழற்றினால், மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த துண்டு மாதிரி இருக்கிறது. மூன்று வாரத்தில் அனிமோனி முழுக்க வெளுத்து, கிட்டத்தட்ட கண்ணாடி ஆகிவிட்டது. படம் அனுப்பினேன். "உங்க தண்ணி சரியில்ல தம்பி" என்று பதில். கூடவே நிறம் ஏற்றும் மருந்து என்று ஒரு பாட்டில், 65 வெள்ளி. அதையும் வாங்கினேன், சிரிக்காதீர்கள். என் தொட்டியில் தண்ணீர் சரியாகத்தான் இருந்தது: உப்புநீரின் அடர்த்தி 1.025, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 26 டிகிரி. கரண்ட் பில்லைக் கேட்காதீர்கள்.

விஷயம் பிறகுதான் புரிந்தது. அனிமோனியின் உடம்புக்குள் சூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தை வைத்து அது சமைப்பதில் பெரும்பங்கு அனிமோனியின் வயிற்றுக்குத்தான். அனிமோனியின் இயல்பான பழுப்பு நிறமும் பாசியுடையதே. சூடு, மோசமான தண்ணீர், பயணம் என்று அடிபட்டால் பாசி வெளியேறி உடம்பு வெளுத்துவிடும். பட்டினி கிடக்கும் அந்த வெள்ளை உடம்பில்தான் சாயம் நன்றாகப் பிடிக்கும். சாயம் ஏறியதும் அது ரேர் பீஸ்!

எல்லா மாற்றமும் ஏமாற்று இல்லை. விளக்கை மாற்றினால் பாசி கூடும், குறையும், நிறமும் கூடவே மாறும். பபிள் டிப் வகையில் நுனிக் குமிழ் மறைந்து விரல்போல் நீளும், அது நோயில்லை. கழிவைத் துப்பச் சுருங்கிவிட்டு மறுநாள் பழையபடி விரியும். இதற்கெல்லாம் பாட்டில் வாங்காதீர்கள். உடம்பு மொத்தமும் ஒரே பளீர் நிறம், வாய் திறந்து தொங்குகிறது, கால் கல்லைப் பிடிக்கவில்லை என்றால் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

என்னுடையது பிழைத்தது. பினாங்கில் தொட்டி வைத்திருக்கும் மாமா சொன்னபடி இறாலைப் பொடியாக நறுக்கி வாரம் இரண்டு முறை ஊட்டினேன், விளக்கை மெல்ல மெல்லக் கூட்டினேன். நாலு மாதத்தில் மங்கிய பழுப்பு வந்தது, நுனியில் மட்டும் ஊதா. என்னுடையது செபே என்ற வகை, அதற்குச் சொந்த முகமே அப்படித்தானாம். கடைக்காரருக்குக் காட்டினால், "நல்லா இருந்தத பழுப்பாக்கிட்டீங்களே!" என்கிறார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம் என்று ரசீதைத் தேடி எடுத்தேன். 'ஈக்கான் 1, 220' என்று கிறுக்கியிருக்கிறார். மீனாம்.