வைகை அணைப் பரிசலுக்கு கார்மின் ஸ்ட்ரைக்கர் 4: ஆட்டோ அமைப்பை நம்ப வேண்டாம்

கார்மின் ஸ்ட்ரைக்கர் 4, தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் கருவி. நல்ல கருவிதான். ஆனால் மோட்டார் படகு நேர்கோட்டில் ஓடும் என்ற கணக்கில் அமைத்துப் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். வைகை அணையில் துடுப்புப் போட்டால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகரும் பரிசலில் அதை அப்படியே மாட்டினால், திரை நிறைய மீன் பொம்மை தெரியும். வலையை இழுத்தால் சருகும் சுள்ளியும்தான் இருக்கும். கையால் ஐந்தாறு அமைப்புகளை மாற்றியபின் இதே கருவி வேறு மாதிரி பேசும்.

3.5 அங்குலத் திரை, 77 மற்றும் 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் சிர்ப் சோனார் (ஒரே அலைவரிசையில் இல்லாமல், ஒரு வரம்புக்குள் அலைவரிசையை மாற்றிக்கொண்டே ஒலி அனுப்பும் வகை), ஜிபிஎஸ். வரைபடம் கிடையாது, இடங்களைக் குறித்து வைத்துத் திரும்பிப் போகலாம். நன்னீரில் 1,600 அடி வரை பார்க்கும் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. வைகை அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 71 அடி. நமக்குத் தேவை ஆழம் போகும் பலம் அல்ல, பத்திலிருந்து நாற்பது அடிக்குள் மீனையும் மூழ்கிய முள்மரத்தையும் பிரித்துக் காட்டும் தெளிவு. அந்த வேலைக்கு இது தாராளம்.

முதலில் டிரான்ஸ்டியூசர், அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம். உடன் வரும் பிராக்கெட் படகின் தட்டையான பின்பலகையில் திருகுவதற்கானது. பரிசலுக்குப் பின்பலகை ஏது? ஒரு அங்குல பிவிசி குழாயின் அடியில் பிராக்கெட்டைத் திருகி, விளிம்பில் சி-கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தண்ணீரில் அரை அடி இறங்கினால் போதும். முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தபின் பரிசல் ஒரு பக்கம் சாயும், அப்போது பார்த்துச் சரிசெய்யுங்கள். கரையில் வைத்துப் பார்த்த மட்டம் செல்லாது. சாய்ந்த டிரான்ஸ்டியூசர் ஆழத்தைக் கூட்டிக் காட்டும், தரைக்கோடும் தடித்துப் போகும்.

ஃபைபர் பரிசல் என்றால் உள்ளேயே அடித்தளத்தில் ஒட்டி வைக்கலாம். கெட்டியான ஃபைபர் வழியே ஒலி போகும். இரண்டு அடுக்குக்கு நடுவில் தெர்மோகோல் வைத்துச் செய்த பரிசலில் போகாது, காற்று தடுத்துவிடும். ஒட்டும் முன் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் டிரான்ஸ்டியூசரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஆழம் நிலையாக வந்தால் எபாக்ஸி போடலாம், பசையில் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. தண்ணீரின் வெப்பநிலை மட்டும் இப்படி வைத்தால் சரியாகக் காட்டாது. தார் பூசிய மூங்கில் பரிசலுக்குக் குழாய்தான் வழி.

காய்ந்த டிரான்ஸ்டியூசரைத் தண்ணீரில் இறக்கியதும் முகத்தில் பொடிக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். முதல் பத்து நிமிஷம் கருவி ஆழத்தைக் காட்டாமல் மினுக்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். சோப்பு நுரை தொட்டு விரலால் ஒரு தடவு தடவினால் தீரும்.

இனி அமைப்புகள். ஃபிஷ் சிம்பல்ஸை உடனே அணையுங்கள். வறட்சியில் நீர் வற்றும்போது நீர்ப்பிடிப்புப் பகுதியில் சீமைக்கருவேலம் மண்டும், பிறகு நீர் ஏறினால் மூழ்கும். தரையை ஒட்டாமல் நிற்கும் கிளைநுனி, அடியிலிருந்து கிளம்பும் வாயுக் குமிழி, பாசிக் கட்டி எல்லாவற்றுக்கும் கருவி ஒரு மீன் பொம்மை போடும்.

ரேஞ்ச் என்பது திரை எவ்வளவு ஆழம் வரை காட்ட வேண்டும் என்ற அளவு. அதையும் கருவி தானாக வைக்கும் ஆட்டோவிலிருந்து எடுங்கள். ஆழம் 25 அடி என்றால் 35 அடி வையுங்கள். ஆழம் குறைந்த இடத்தில் ஆட்டோ சில சமயம், தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஒலி இரண்டு முறை போய்வந்து விழும் இரண்டாம் எதிரொலியைத் தரை என்று எடுத்துக்கொண்டு 8 அடியை 16 அடி என்று காட்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் கெயின். திரும்பி வரும் எதிரொலியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதுதான் அது; அனுப்பும் ஒலியை அது கூட்டுவதில்லை. வைகையின் அடியில் வண்டல் கனமாகப் படிந்திருக்கிறது. வண்டல் ஒலியை உறிஞ்சும், எதிரொலி மங்கலாக வரும், ஆட்டோ அதை ஈடுகட்டக் கெயினை ஏற்றும். ஏற்றியதும் தண்ணீரில் மிதக்கும் பாசியும் சேறும் மேகமாகத் தெரியும், மீன் அதற்குள் மறைந்துவிடும். கையால் வைக்கும் முறை இது: இருபது இருபத்தைந்து அடி ஆழத்தில், பாறையோ கெட்டி மண்ணோ உள்ள இடத்தில் பரிசலை நிறுத்துங்கள். ரேஞ்சைத் தற்காலிகமாக ஆழத்தின் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வையுங்கள். திரை முழுக்கப் புள்ளி தெறிக்கும் வரை கெயினை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக இறக்குங்கள். தரைக்கு இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாம் தரைக்கோடு மங்கலாகத் தெரிந்து, நடுத் தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். ரேஞ்சைப் பழையபடி குறையுங்கள். அன்றைய வேலைக்கு இதுவே கெயின். மழைக்குப் பின் கலங்கல் தண்ணீர் வந்தால் ஒன்றிரண்டு படி இறக்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டாம் கோடு வேறொன்றையும் சொல்லும். அதே கெயினில் நகரும்போது அது பளிச்சென்றிருந்தால் கீழே பாறை அல்லது சரளை; மறைந்து, முதல் கோடு தடித்து மங்கினால் வண்டல்.

அலைவரிசையில் 200-ஐ வழக்கமாக வையுங்கள். அதன் 15 டிகிரி ஒலிக்கற்றை 30 அடி ஆழத்தில் தரையில் சுமார் 8 அடி வட்டத்தைப் பார்க்கும். 77-இன் 45 டிகிரிக் கற்றை சுமார் 25 அடி வட்டத்தைப் பார்க்கும். அகலக் கற்றை கூட்டம் எங்கே என்று தேட உதவும், ஆனால் தரையோடு தரையாக மேயும் மிர்காலையும் கெளுத்தியையும் தரைக்கோட்டோடு சேர்த்து விழுங்கிவிடும். எதிர்ப்பக்கம் மேல்தண்ணீர். சர்ஃபேஸ் நாய்ஸ் வடிகட்டியைத் தாராளமாகப் போட்டால் திரையின் மேல்பகுதி அழகாகச் சுத்தமாகும், கூடவே மேல்மட்டத்தில் திரியும் கட்லாவும் காணாமல் போகும். குறைந்த அளவோடு நிறுத்துங்கள்.

வளைவு வந்தால்தான் மீன் என்ற பேச்சைப் பரிசலில் மறந்துவிடுங்கள். மீன் கற்றையின் ஓரத்தில் நுழைந்து நடுவைக் கடந்து வெளியேறும்போதுதான் வளைவு விழும். நின்ற பரிசலுக்குக் கீழே நின்ற மீன் நீண்ட கோடாகத்தான் தெரியும். அது ஒரே மீன், வரிசை அல்ல. திரையின் வலது ஓரம் மட்டுமே இந்த நிமிஷம், இடப்பக்கம் எல்லாம் கடந்துபோனது. மிதந்து போகும்போது ஸ்க்ரோல் வேகத்தைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் நீட்டிப் போட்ட ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

ஆழக் கணக்கைச் சரிபார்க்க அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு போதும். நுனியில் கல் வேண்டாம், வண்டலில் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். தட்டையான ஓட்டுத் துண்டு கட்டுங்கள். கயிறும் திரையும் ஒத்துப்போகும் வரை கீல் ஆஃப்செட்டை (டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் அளவை ஆழத்தோடு சேர்க்கும் அமைப்பு) மாற்றுங்கள். செவுள் வலையை எந்த ஆழத்தில் நிறுத்துவது என்பதற்கு இந்த அரை அடியும் கணக்கு.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் யுபிஎஸ் பேட்டரி, மதுரையில் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். கருவி எடுப்பது கால் ஆம்பியர் அளவுதான். பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இரண்டு நாள் காலை வேலை ஓடும். கூட்டல் கம்பியில் ஃபியூஸ் இல்லாமல் இணைக்காதீர்கள். மின்மோட்டார் வைத்திருந்தால் அதற்குத் தனி பேட்டரி. இரண்டையும் ஒன்றில் இணைத்தால் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் விழும், அதை மறைக்க வடிகட்டி ஏற்றினால் சின்ன மீன் போய்விடும்.

அடியில் இருப்பதைப் படம் மாதிரித் தெளிவாகக் காட்டும் கிளியர்வூ சோனார் உள்ள, கார்மினின் இன்னொரு கருவியான ஸ்ட்ரைக்கர் விவிட் 4சிவி வாங்கலாமா? மூழ்கிய மரத்தின் கிளையை அது தனித்தனியாகக் காட்டும், உண்மை. ஆனால் அந்தப் படம் சீரான வேகத்தில் நேராகப் போனால்தான் உருவாகும். மோட்டார் படகுக்கு வாங்குங்கள். சுற்றும் பரிசலில் அந்தக் கூடுதல் பணம் வீண்.

மரத்துக்கு இந்தச் சின்னக் கருவியிலேயே வேறு வழி இருக்கிறது. கோடையில் நீர் இறங்கியிருக்கும்போது பேட்டரியோடு கருவியைத் தூக்கிக்கொண்டு காய்ந்த தரையில் நடந்து, அடிமரம், பாறை, பழைய ஓடைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஜிபிஎஸ் புள்ளி குறித்து வையுங்கள். டிரான்ஸ்டியூசர் மாட்ட வேண்டியதில்லை. தண்ணீர் ஏறியபின் வலை எங்கே மாட்டும், ஜிலேபி மீன் எங்கே அடையும் என்று அந்தப் புள்ளிகள் சில மீட்டர் பிசகில் காட்டும். மீன்பிடி அனுமதி உள்ள பகுதிக்குள் மட்டும் குறித்தால் போதும்.