எட்டு நாள் ஒளிவும் 293 அத்தியாயமும்: நாவலிலிருந்து வந்த படங்கள், ஒரு மதிப்பீடு

நாவலில் இருந்த எந்தெந்தக் காட்சி படத்தில் இல்லை என்று பட்டியல் போடுவது எளிது. அந்தப் பட்டியலை வைத்துப் படத்தை எடைபோட முடியாது. திரைக்கதைத் தாளில் ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது கைக்கணக்கு. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 150 பக்கம். வெட்டு விழுவது நிச்சயம். யாருக்கு எது எப்போது தெரியவருகிறது என்று நாவல் ஒரு வரிசை வைத்திருக்கும். அதைத் திரைக்கதை என்ன செய்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அந்த வரிசையைக் கலைக்கலாம், தப்பில்லை. கலைத்தால் வேறொன்றைக் கட்டித்தர வேண்டும்.

கட்டித்தந்ததற்கு நல்ல உதாரணம் வெற்றிமாறனின் 'அசுரன்' (2019). மூலம் பூமணியின் 'வெக்கை' (1982), சிறிய நாவல். தொடக்கத்திலேயே கொலை விழுந்துவிடுகிறது. அண்ணனின் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை வெட்டப்போன பதினைந்து வயதுச் சிதம்பரம், ஆளையே முடித்துவிட்டு ஓடுகிறான். பிறகு எட்டு நாள் அப்பாவும் மகனும் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள், முடிவில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள். எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, ஊரிலிருந்து சேதி எப்படி வந்து சேரும் என்பதிலேயே பக்கங்கள் நகர்கின்றன. பழைய விஷயங்கள் பேச்சோடு பேச்சாக வந்து விழும். சாதிப் பெயரைச் சொல்லாமலே நாவல் முழுக்கச் சாதி தெரியும்.

இதை அப்படியே எடுத்தால் என்ன ஆகும்? ஒளிவது, தின்பது, நடப்பது மூன்றும் திரும்பத் திரும்ப வரும். வாசிக்கும்போது ஒவ்வொரு நாளும் வேறாகத் தெரிவதற்குக் காரணம், பையனின் மனசுக்குள் ஓடுவதைப் பூமணி சொல்லிக்கொண்டே போவது. கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அரை மணி நேரத்தில் எல்லாப் புதரும் ஒரே புதராகிவிடும்.

வெற்றிமாறன் கொலையை முதலிடத்திலிருந்து தள்ளிவைத்தார். இரவில் அப்பனும் மகனும் தப்பியோடுவதில் படம் தொடங்குகிறது. மூன்று ஏக்கர் நிலம், வேலித் தகராறு, மூத்தவன் முருகனின் சாவு, கொலை எல்லாம் அதற்குப் பிறகுதான் விரிகின்றன. இரண்டாவது மாற்றம் இன்னும் பெரிது. படத்தின் சிதம்பரம் அப்பாவைக் கோழை என்று நினைக்கிறான். ஜெயிலிலிருக்கும் முருகனை மீட்க ஊராரின் காலில் ஒவ்வொன்றாக விழுந்து எழும் மனிதர் அவன் கண்ணுக்கு அப்படித்தானே தெரிவார். இடைவேளைக்கு முந்தைய சண்டையில் அந்த எண்ணம் உடைகிறது. ஏன் அடங்கிப்போனார் என்பதற்குச் சாராயம் காய்ச்சிய இளமைக்காலம், தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், தீவைக்கப்பட்ட குடிசைகள் என்று முன்கதை பதில் சொல்கிறது. நாவலின் அப்பா மகன் உறவு இப்படி ஒரு பிணக்கின் மேல் நிற்பதில்லை. அந்த முன்கதையும் இந்த உருவில் அங்கே கிடையாது. ஆனாலும் ஒட்டுப்போட்டது தெரியாமல் நிற்பதற்குக் காரணம் செருப்பு. முன்கதையில் அப்பா கட்டிக்கொள்ளவிருந்த மாரியம்மாள் செருப்புப் போட்டதற்கு அவமானப்படுகிறாள். அப்பாவைக் காலில் விழவைத்தவர்களை முருகன் அடிப்பதும் செருப்பால்தான். ஒரே பொருள் இரண்டு காலத்தையும் கட்டிவைக்கிறது. வசனத்தால் விளக்கியிருந்தால் பத்து நிமிடமாவது தின்றிருக்கும்.

இழப்பும் உண்டு. கதை பையனிடமிருந்து அப்பாவுக்குப் போய்விட்டது. முன்கதையின் வில்லன்கள் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டவர்கள், அங்கே வரும் சண்டை அப்பாவாக நடித்த தனுஷுக்கு எழுதியது. எட்டு நாளின் நீளம் உடம்பில் ஏறுவதில்லை. நாவலின் பெயரையே நியாயப்படுத்தும் அந்தப் புழுக்கத்தைப் படத்தில் தேடாதீர்கள். ஆனாலும் விலை கொடுத்து எதை வாங்கினோம் என்று தெரிந்து செய்த வேலை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இதற்கு நேர்மாறான சிக்கல். ஐந்து பாகம், 293 அத்தியாயம். மணிரத்னத்தின் இரண்டு படங்களும் (2022, 2023) சேர்ந்து சுமார் ஐந்தரை மணி நேரம். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில நொடியும் வருகிறது. 1950-இல் தொடங்கி வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. அடுத்த வாரம்வரை வாசகரைப் பிடித்துவைக்க அத்தியாயக் கடைசியில் ஒரு கொக்கி வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொரு கொக்கி போட்டால் படம் தாங்காது. கொக்கிகளை எடுத்துவிட்டால் கல்கியின் ருசியில் பாதி போயிற்று. மீதிப் பாதி, கதையை நிறுத்திவிட்டு நேயர்களோடு பேசும் அந்தக் குரல். படத்திலோ கமல்ஹாசனின் குரல் ஆரம்பத்தில் களத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

தெரியவரும் வரிசையும் மாறியிருக்கிறது. நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில், குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும். அவனுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும். சோழ இளவரசன் கரிகாலனைப் பற்றி முதலில் பிறர் பேசக் கேட்கிறோம், நந்தினி மூடுபல்லக்கு மர்மமாகவே அறிமுகமாகிறாள். படம் கரிகாலனின் போர்க்களத்திலிருந்து கிளம்புகிறது. இரண்டாம் பாகமோ அவனும் நந்தினியும் சிறுவயதில் காதலித்ததில் தொடங்குகிறது. இதனால் கடம்பூர் மாளிகையில் இருவரும் எதிரெதிரே நிற்கும் காட்சிக்குப் பெரிய பலம் கிடைத்தது. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் அதை வீணாக்கவில்லை. 'யார் இவள்?' என்ற கேள்வி அதற்குப் பலியானது.

கழித்த இடங்களில் ஒன்று மட்டும் உறுத்துகிறது. கடம்பூர் இளவரசி மணிமேகலையை அடியோடு எடுத்தது நேரக்கணக்கில் புரிகிறது, அதோடு அவள் அண்ணன் கந்தமாறன் வெறும் முறைப்பாளியானதையும் பொறுத்துக்கொள்ளலாம். சேந்தன் அமுதனைச் சுற்றிய முடிச்சை எடுத்ததுதான் தவறு. கரிகாலனின் தம்பி அருள்மொழி முடியை விட்டுக்கொடுக்கும் காட்சிக்கு அடித்தளமே அந்த முடிச்சு. அது இல்லாததால் படத்தின் கடைசிக் கட்டம் அவசரமாக ஒப்பந்தம் போட்டதுபோல முடிகிறது. இதில் ஒரு லாபமும் இருக்கிறது: படம் பார்த்துவிட்டு நாவலை எடுப்பவருக்கு அந்தத் திருப்பம் உடையாமல் காத்திருக்கிறது.

எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் சரியாகிவிடுமா? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) ஜெயகாந்தனே எழுதி, பீம்சிங் இயக்கியது. நாவலின் பலம் நாயகி கங்கா தன் வாயாலேயே தன்னை அலசிக்கொள்வது. படத்தில் பல இடங்களில் அது பேச்சாகவே வந்து சேர்கிறது. கங்காவாக நடித்த லட்சுமி பேசாமலிருக்கும் காட்சிகளில்தான் நாவல் திரைக்கு வருகிறது. அந்த நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது.

'உதிரிப்பூக்கள்' (1979) எதிர்முனை. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மகேந்திரன் எடுத்தது ஒரு விதையை மட்டுமே. தழுவல் என்ற கணக்கில் மார்க் போட முடியாது. படமாக இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றுக்கும் மேல்.

வெற்றிமாறனின் இன்னொரு படமான 'விசாரணை'யில் முதல் பாதிதான் மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. இரண்டாம் பாதி திரைக்கதையில் புதிதாகச் சேர்த்தது. தையல் தெரியும். ஆனால் அடிவாங்கியவர்கள் அங்கே சாட்சிகளாக மாறுவதால் கிழியவில்லை.

எதை முதலில் எடுப்பது? பொன்னியின் செல்வனுக்கு நாவலின் முதல் பாகத்தையாவது முடித்துவிட்டுப் படத்துக்குப் போங்கள். பெயர்களும் உறவுமுறைகளும் பழகியிராவிட்டால் முதல் ஒரு மணி நேரம் யார் யாருக்குச் சித்தப்பா என்பதிலேயே கழியும். அசுரனை முதலில் பார்த்துவிட்டு வெக்கையைப் படிப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. கொலையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் புத்தகத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? படத்தின் அப்பா சிவசாமியை மட்டும் அங்கே தேட வேண்டாம். நாவலில் அப்பாவின் பெயர் பரமசிவம்.