எடிட்டிங் பிசிக்கு இன்டெலா, ரைசனா? கேமராவைக் கேளுங்கள்

வீட்டில் வீடியோ எடிட் செய்ய பிசி அசெம்பிள் பண்ணப் போகிறவர்கள் பெரும்பாலும் கோர் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், ரெண்டர் எத்தனை நிமிடத்தில் முடியும் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் இன்டெலும் ஏஎம்டியின் ரைசனும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்து நிற்கும். இரண்டுமே நல்ல ப்ராசஸர்கள், அதில் சண்டை வேண்டாம். நான் இன்டெல் ஐ7-12700 எடுத்தேன், கூடவே 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. இன்டெல் பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம்தான்: என் கேமரா எழுதும் கோப்பு.

சோனி ஏ7 IV வைத்திருக்கிறேன். அதில் எச்.265 (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), 10-பிட், 4:2:2 என்ற வடிவில்தான் அதிகம் எடுக்கிறேன். கலர் கிரேடிங், அதாவது நிறத்தைத் திருத்தும் வேலை, செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால் 10-பிட்டில் 1024. வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் பட்டை பட்டையாகப் பிரியாது. 4:2:2 என்பது, போன், டிரோன் போன்றவை பெரும்பாலும் எழுதும் 4:2:0-வைவிட நிறத் தகவல் இரண்டு மடங்கு இருக்கிறது என்று பொருள். பச்சைத் திரையை நீக்கும்போது முடியின் ஓரங்களில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இந்தக் கோப்பு டைம்லைனுக்கு வந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. பலர் இதை எஸ்எஸ்டி வேகப் பிரச்சினை என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வினாடிக்கு 200 மெகாபிட் என்றால் 25 மெகாபைட்தான். சாதாரண ஹார்டு டிஸ்க்கே அதைப் படித்துக் கொடுத்துவிடும். படிப்பது சுலபம், சுருக்கி வைத்ததை விரிப்பதுதான் (டிகோடிங்) கஷ்டம். எச்.265-இல் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுப் படமாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்பதை மட்டுமே வைத்திருக்கும். ஆகவே நடுவில் ஓர் இடத்தில் கர்சரை வைத்தால், அந்த ஒரு ஃபிரேமைக் காட்ட அது சார்ந்திருக்கும் எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். பின்னோக்கி ஓட்டினால் இன்னும் மோசம். எக்ஸ்போர்ட் ஆகும்போது நாம் எழுந்து போய்விடலாம். வெட்டும்போது அப்படி முடியாது, ஒவ்வொரு தயக்கமும் கையில் தட்டுப்படும்.

விரிக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் சில்லுக்குள் தனிப் பகுதி ஒன்று உண்டு. 4:2:0 கோப்புகளை எல்லா நிறுவனங்களின் சில்லும் விரித்துவிடும், அதில் யாரும் யாருக்கும் சளைத்தவர் இல்லை. 4:2:2-இல்தான் வழி பிரிகிறது. இன்டெலின் டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், எச்.265 10-பிட் 4:2:2-ஐ நேரடியாக விரிக்கும். இதைத்தான் குவிக் சிங்க் என்கிறார்கள். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளுக்கு இந்தத் திறமை கிடையாது. ரைசன் 7000-க்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் கிடையாது, ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 7000 கார்டுகளுக்கும் கிடையாது. பெரிய கார்டு போட்டிருந்தாலும் 4:2:2 கோப்பு வந்தால் மொத்தச் சுமையும் ப்ராசஸரின் தலையில்தான் விழும்.

என் மேசையில் இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பக்கத்தில் இன்டெல் கிராபிக்ஸைத் தேர்ந்தெடுத்தால் 'வீடியோ டிகோட்' என்று ஒரு வரைபடம் இருக்கும். டைம்லைனில் 4கே கிளிப்பை ஓட்டினால் அந்தக் கோடு மேலே ஏறும், ப்ராசஸர் கோடு அமைதியாகக் கிடக்கும். அதே கிளிப், அதே ப்ராஜெக்ட், எடிட்டிங் மென்பொருளான பிரீமியரில் ஹார்டுவேர் டிகோடிங்கை (சில்லின் தனிப் பகுதி விரிப்பதை) மட்டும் அணைத்துவிட்டு ஓட்டினால் எல்லாக் கோர்களும் ஒன்றாக மேலே எழும், ஃபேன் சத்தம் மாறும். எல் பொத்தானை இரண்டு முறை தட்டி இரட்டை வேகத்தில் ஓட்டினால் படம் துண்டு துண்டாகத் தாவும். ஒரே இயந்திரம்தான், ஒரு டிக் மட்டும்தான் வித்தியாசம்.

இன்டெல் வாங்கினால் மட்டும் போதாது, மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அந்த ப்ராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. 12700எஃப் நல்ல சில்லுதான், ஆனால் நான் இவ்வளவு நேரம் சொன்ன எதுவும் அதில் நடக்காது. இரண்டாவது, தனி கிராபிக்ஸ் கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் உள்கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை இயக்க வேண்டும். அதில் மானிட்டரை இணைக்கத் தேவையில்லை, விண்டோஸுக்கு அந்தக் கிராபிக்ஸ் தெரிந்தால் போதும். மூன்றாவது, மென்பொருளிலும் சொல்ல வேண்டும். பிரீமியரில் மீடியா அமைப்புகளில் இன்டெலுக்கு டிக் போட்டு, ஒரு முறை மூடித் திறக்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளிலும் டிகோட் அமைப்புகளில் இதே தேர்வு இருக்கிறது, ஆனால் அங்கே ஹார்டுவேர் டிகோடிங்கை முழுதாகப் பயன்படுத்த கட்டணப் பதிப்பான ஸ்டூடியோ வேண்டும்.

எச்.265-க்கு முந்தைய முறையான எச்.264-இல் 4:2:2 எடுக்கிறவர்களுக்கு என் வாதம் பொருந்தாது. பானசோனிக் ஜிஎச்5 அப்படித்தான் எழுதும். என் 12700 போன்ற சில்லுகளில் குவிக் சிங்க் அதைத் தொடாது. சோனி வைத்திருப்பவர்கள் கேமராவின் கோப்பு வடிவத் தேர்வில் எக்ஸ்ஏவிசி எஸ் என்பதற்குப் பதிலாக எக்ஸ்ஏவிசி எச்எஸ் வைத்தால் எச்.265 ஆகிவிடும், இன்டெலுக்கு அதுதான் தோதானது.

இனி ரைசன் பக்கம். மேம்படுத்திக்கொண்டே போகும் வசதியில் ஏஎம்டிதான் முன்னால் நிற்கிறது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2016-இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசஸரைப் பொருத்தும் இடம்) 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸர் வரை ஏற்ற முடிந்தது. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் தொடர்வோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்டெல் 12, 13, 14 தலைமுறைகளோடு ஒரு சாக்கெட்டை முடித்து, கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட் கொண்டுவந்துவிட்டது. அதோடு 13, 14 தலைமுறைகளில் மின்னழுத்தக் கோளாறு வெடித்தது. 2024-இல் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தம் வந்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தார்கள். அந்தத் தலைமுறைகளில் வாங்குகிறவர்கள் வேறு எதையும் நிறுவும் முன் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். நான் 12-இல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

போன், டிரோன், திரைப் பதிவு என்று பெரும்பாலும் 4:2:0 கோப்புகளோடு வேலை செய்கிறவர்கள் தயங்காமல் ரைசன் எடுக்கலாம். எப்படியும் ப்ராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் உருவாக்கும் சிறிய நகல்) உருவாக்கித்தான் வெட்டுவேன் என்பவர்களுக்கும் அப்படியே. ஆனால் ப்ராக்ஸி உருவாக நேரம் பிடிக்கும், வேலை முடிந்ததும் அழிக்கும் ஒழுங்கும் வேண்டும். சிறிய ப்ராக்ஸிக்குப் பதிலாக முழு 4கே அளவில் எடிட்டிங்குக்கு எளிதான புரோரெஸ் 422 வடிவத்துக்கு மாற்றினால், 30 ஃபிரேமில் ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறக்குறைய 265 ஜிபி போகும். 100 மெகாபிட் எச்.265 என்றால் அதே ஒரு மணி நேரம் 45 ஜிபிதான்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை இந்தக் கணக்கை மாற்றுகிறது. எச்.264, எச்.265 இரண்டிலும் 4:2:2-ஐ அது விரிக்கும். அந்தக் கார்டு வாங்கும் எண்ணம் இருந்தால் ரைசனோடு சேர்ப்பதில் எந்தத் தடையும் இல்லை. நண்பர் ஒருவரின் இயந்திரத்தில் அதைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்த்தேன், கிளிப்புகள் வழுக்கிக்கொண்டு போயின. நீண்ட டைம்லைனில் மாதக்கணக்கில் உழைத்துப் பார்த்தவன் இல்லை என்பதால் அதற்கு மேல் உறுதி கொடுக்க மாட்டேன்.

மற்ற பாகங்களில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ரேம் 32 ஜிபி, இரண்டு குச்சிகளாக. டிடிஆர்5 ரேமில் நான்கு செருகினால் பல போர்டுகளில் வேகம் இறங்கிவிடும், அதனால் 64 வேண்டுமென்றாலும் 32 ஜிபி குச்சிகள் இரண்டாகவே வாங்குங்கள். விண்டோஸுக்கு ஓர் எஸ்எஸ்டி, ப்ராஜெக்டுக்கும் கேஷுக்கும் (மென்பொருளின் தற்காலிகக் கோப்புகள்) இன்னொன்று, முடிந்த வேலைகளைச் சேமிக்க ஹார்டு டிஸ்க்.

ஏற்கெனவே ரைசன் வைத்திருந்து, இப்போதுதான் 4:2:2 கேமரா வாங்கியிருக்கிறீர்கள் என்றால் பிசியையே மாற்ற வேண்டியதில்லை. இன்டெலின் சிறிய ஆர்க் ஏ380 கார்டும் எச்.265 4:2:2-ஐ விரிக்கும். அதை இரண்டாவது ஸ்லாட்டில் செருகி, மானிட்டரைப் பழைய கார்டிலேயே வைத்துக்கொண்டு, மென்பொருளில் டிகோடிங்குக்கு மட்டும் இன்டெலைத் தேர்ந்தெடுக்கலாம். வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: பெரிய கார்டுக்குக் கீழே அந்த ஸ்லாட்டுக்கு இடம் மிஞ்சுகிறதா, நீங்கள் எடுக்கும் மாடலுக்குத் தனி பவர் கேபிள் தேவையா.