பல்கலைக்கழக சர்வரில் ஒரு தமிழ்த் தளம்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிந்தபோது, மாணவர் கணக்கோடு யூனிக்ஸ் சர்வரில் கொஞ்சம் இடமும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் அதில் வைத்திருப்பது தமிழ் நேசன் சிறுகதைகளுக்கான ஓர் அட்டவணை. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ். அதில் வந்த கதையின் பெயர், எழுதியவர், வெளிவந்த தேதி, அவ்வளவுதான். இதற்கு வேர்ட்பிரஸும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள் போதும். அந்த வகையில் இந்த சர்வர் எனக்குக் குறையே வைக்கவில்லை.

அமைப்பது சுலபம். எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போய், ஹோம் ஃபோல்டருக்குள் 'பப்ளிக் எச்டிஎம்எல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி (இரண்டு சொல்லுக்கும் நடுவில் அடிக்கோடு), அதற்குள் இன்டெக்ஸ் ஃபைலைப் போட்டால் போதும். பக்கங்களைப் பிரவுசருக்கு அனுப்பும் மென்பொருளான அப்பாச்சியில் யூசர்டிர் என்றொரு வசதி இருக்கிறது. முகவரியில் டில்டா (~) குறியும் அதை ஒட்டி உங்கள் பயனர் பெயரும் வந்தால், அது நேரே அந்த ஃபோல்டரைத் திறக்கும். விண்டோஸ்காரர்கள் ஒரு காலத்தில் இதற்குப் புட்டி என்ற மென்பொருளைத் தேடி இறக்க வேண்டியிருந்தது. 2018 முதல் விண்டோஸ் 10லேயே எஸ்எஸ்எச் வருகிறது.

பிறகு பக்கத்தைத் திறந்தால் பலருக்கு வருவது, அனுமதி இல்லை என்று சொல்லும் '403 ஃபர்பிடன்'. பாதிப் பேர் இங்கேயே கைகழுவிவிடுகிறார்கள். காரணம் அனேகமாக, ஃபைலை யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்தான். பக்கங்களுக்கு 644, பப்ளிக் ஃபோல்டருக்கு 755 என்று எல்லாரும் சரியாகத்தான் போடுகிறார்கள். அதற்கு மேலே இருக்கும் ஹோம் ஃபோல்டரை மறந்துவிடுகிறார்கள். அது 700ஆக இருந்தால் அப்பாச்சிக்கு உள்ளே நுழையவே வழி இல்லை. 711 கொடுங்கள். ஹாலைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போகலாம், ஆனால் ஹாலில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது என்பது மாதிரி ஓர் அனுமதி அது. கோபம் தலைக்கேறி 777 போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த சர்வரில் கணக்குள்ள யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபைலில் கைவைக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

தமிழில் தளம் வைப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி காத்திருக்கிறது. ஒரு நாள் சர்வரில் ஏதோ மாற்றினார்கள். மறுநாள் என் அட்டவணை முழுக்க, மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியும் மாறி மாறி நிற்கின்றன. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட். அதைப் பழைய ஐரோப்பிய எழுத்துமுறையில் படித்தால் இந்த அலங்கோலம்தான் வரும். பக்கத்துக்குள் எழுத்துமுறையைச் சொல்லும் மெட்டா டேக் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் தகவலான ஹெடரில் வேறு எழுத்துமுறை இருந்தால் பிரவுசர் ஹெடர் சொல்வதைத்தான் கேட்கும். நம் ஃபோல்டருக்கான அப்பாச்சி அமைப்புகளை எழுதும், புள்ளியில் தொடங்கும் எச்டிஅக்சஸ் ஃபைலில் 'ஆட் டிஃபால்ட் சார்செட்' என்று எழுதிப் பக்கத்தில் யூடிஎஃப்-8 என்று போட்டேன், சரியாகிவிட்டது. உங்கள் சர்வரில் அந்த ஃபைலுக்கு மதிப்புக் கொடுக்காதபடி அடைத்துவைத்திருந்தால் நிர்வாகியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

ஃபைல் பெயர் விஷயத்தில் நான் கறார். ஆங்கிலச் சின்ன எழுத்து மட்டும், இடைவெளி கூடாது. துறையில் ஒரு தம்பி, "அக்கா, என் லேப்டாப்ல படம் தெரியுது, சர்வர்ல மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்று கேட்டு வந்தான். கேமரா 'ஜேபிஜி'யைப் பெரிய எழுத்தில் வைத்திருந்தது, இவன் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தான். விண்டோஸ் கண்டுகொள்ளாது, யூனிக்ஸ் விடாது. தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் முகவரியை ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக நீள்கிறது. அது போதாதென்று பழைய மேக் கணினிகள் ஃபைல் பெயரில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர், சர்வருக்கு வேறு வேறு ஃபைல்.

வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் குறைவு, ஆனால் எழுத்துக்குத் தாராளம். ஸ்கேன் செய்த பக்கங்களை ஏற்ற ஆரம்பித்தால் கோட்டா சீக்கிரம் தீரும். எரிச்சல் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போதுதான். வெளியிலிருந்து பல்கலைக்கழக வலையமைப்புக்குள் நுழைய உதவும் விபிஎன் இல்லாமல் எஸ்எஸ்எச் திறக்காது, அதுவும் பாதியில் அறுந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் வீட்டுக் கணினியிலேயே திருத்தி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் போட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிடுகிறேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மாறிய ஃபைல் மட்டும்தான் போகும். கடவுச்சொல் கேட்கும் பக்கம் எதையும் அங்கே வைக்காதீர்கள். டில்டா முகவரிகள் அத்தனையும் ஒரே டொமைனில் இருப்பதால், பக்கத்துக் கணக்குக்காரர் எழுதிய ஸ்கிரிப்டையும் உங்களுடையதையும் பிரவுசர் ஒரே தளமாகத்தான் நினைக்கும், அதனால் அவருடைய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்திலும் கைவைக்கலாம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். படிப்பு முடிந்தால் கணக்கை மூடிவிடுவார்கள் என்பதுதான் உண்மையான குறை. மலேசியக் கல்வி நிறுவனங்களுக்கான 'எடு டாட் மை' முகவரி என்பதால் சிலர் ஆய்வுக் கட்டுரையிலேயே என் பக்கத்தை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த இணைப்புகள் அத்தனையும் செத்துப்போகும். அதனால் மலேசியர்களுக்குக் கிடைக்கும் 'நேம் டாட் மை' டொமைன் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, அதே பக்கங்களை அங்கேயும் வைத்திருக்கிறேன். எச்டிஅக்சஸில், நிரந்தரமாக இடம் மாறியதைச் சொல்லும் 301 ரீடைரக்ட் ஒரு வரி சேர்த்தால், பழைய முகவரிக்கு வருகிறவர்கள் புதிய இடத்துக்குப் போவார்கள், தேடுபொறிகளும் மெல்ல மாறிக்கொள்ளும். இதை ஆய்வேட்டை ஒப்படைப்பதற்குப் பல மாதம் முன்பே செய்துவிடுங்கள். கணக்கை மூடிய பிறகு அந்த வரியும் சேர்ந்தே போய்விடும்.