கிணற்று மோட்டாரும் என் வேகன்ஆரும்: 68 பிஎஸ்ஸில் 82,000 கிலோமீட்டர்

வண்டி எடுத்தது 2019 நவம்பரில். மாருதி வேகன்ஆர் கார், 1.0 லிட்டர் இன்ஜின், கியர் வண்டி. போன வாரம் 82,000 கிலோமீட்டர் தாண்டியது. எடுக்கும்போது ஷோரூம் பையன், "சார், குடும்பத்தோட அடிக்கடி போவீங்கன்னா 1.2 எடுத்துக்கங்க, இது இழுக்காது" என்று மூன்று தடவை சொன்னான். விலை கூடின வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்து 1.0-தான் வேண்டும் என்று நின்றேன். அவன் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி என்று பிடிபட எனக்கு இரண்டு வருடம் ஆனது.

முதலில் கணக்கு. 998 சிசி, மூன்று சிலிண்டர், பவர் 68 பிஎஸ், டார்க் (இன்ஜினின் திருகு விசை) 90 என்எம். வெறும் வண்டியின் எடை 820 கிலோவை ஒட்டி. அதே வண்டியின் 1.2 லிட்டர் இன்ஜின் 83 பிஎஸ், 113 என்எம். எடை பெரிதாகக் கூடவில்லை. (பிஎஸ், பிஹெச்பி, ஹெச்பி மூன்றும் நம் தேவைக்கு ஒன்றுதான். நூற்றுக்கு ஒன்றிரண்டு வித்தியாசம்.)

என் ஓட்டம் இப்படி: வீடு சேலம் அம்மாப்பேட்டை, வேலை ஓமலூர் பக்கம். தினமும் நான் ஒருவன் மட்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை தலைவாசல் பக்கம் இருக்கும் அப்பாவின் காட்டுக்குக் குடும்பத்தோடு போவோம். வருடத்தில் நான்கைந்து தடவை ஏற்காடு, இரண்டு தடவை சென்னை, எப்போதாவது தொப்பூர் கணவாய் ஏறி பெங்களூர்.

முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் தெரியவில்லை. நகரத்துக்குள் சிக்னலில் முதலில் கிளம்புவது நான்தான். பிறகு 2020 பொங்கல் வந்தது. அப்பா, அம்மா, மனைவி, பையன், நான். டிக்கியில் கரும்பு, அரிசி மூட்டை. சேலம்–உளுந்தூர்ப்பேட்டை சாலையில் அந்த நாளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், நான்கு வழியாக ஜம்மென்று போய்க்கொண்டிருக்கும் சாலை, ஊர்ப் புறவழி வந்ததும் சட்டென்று இரண்டு வழியாகச் சுருங்கிவிடும். அப்படி ஒரு இடத்தில், ஆத்தூர் தாண்டி, முன்னால் ஒரு லாரி 55-ல் போகிறது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். போய்விடலாம் என்று வலது பக்கம் எடுத்து மிதியை அழுத்தினேன். நான்காவது கியர், ஏசி ஓடுகிறது. சத்தம் கூடியது, வேகம் கூடவில்லை. லாரியின் பின்சக்கரத்துக்கு நேராக வந்து அப்படியே ஒட்டிக்கொண்டு போகிறேன். பஸ் லைட் அடித்துக்கொண்டு வருகிறது. பிரேக் போட்டு மறுபடி லாரிக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். பஸ் கடந்தபோது வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அம்மா முருகனைக் கூப்பிட்டுவிட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னாலிருந்து அப்பா, "ஏங்கண்ணு, கியரைக் குறைக்காம மிதிச்சா அது என்ன பண்ணும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வண்டிக்குப் பவர் பத்தவில்லை, அவன் சொன்ன மாதிரி 1.2 எடுத்திருக்க வேண்டும் என்றுதான் அன்று இரவு முழுக்கப் புலம்பினேன். மறுநாள் காட்டில் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தபோது அப்பா கேட்டார்: "உன் வண்டி எத்தனை ஹெச்பி?" 68 என்றேன். சிரித்துவிட்டார். எங்கள் கிணற்று மோட்டார் 5 ஹெச்பி. ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு யூனிட் கரண்ட், வாய்க்கால் நிறையத் தண்ணீர். பக்கத்துக் காட்டு போர்வெல் 12.5. "68 ஹெச்பிய வச்சிக்கிட்டு பத்தலைங்கற" என்று போய்விட்டார்.

அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுகிற ஆள். அந்த நோட்டை வைத்தே வண்டி உண்மையில் எத்தனை ஹெச்பி செலவழிக்கிறது என்று போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் இருக்கும் சக்தி ஏறக்குறைய 9 யூனிட் கரண்ட்டுக்குச் சமம். நகரத்தில் என் வண்டி ஏசியோடு லிட்டருக்கு 15 கொடுக்கிறது, சராசரி வேகம் 22. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டர், அதாவது 13 யூனிட். அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு வேலையாக மாறினாலே பெரிய விஷயம். மிஞ்சுவது மூன்று யூனிட்டுக்கும் குறைவு. சராசரியாக மூன்றரை ஹெச்பி!

அப்பாவின் கிணற்று மோட்டாரைவிடக் குறைவு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன், அதேதான் வந்தது.

நான்கு வழிச்சாலையில் 80-ல் சீராகப் போனால் 21 கொடுக்கிறது. மணிக்கு 3.8 லிட்டர், 34 யூனிட். அங்கே இன்ஜின் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும், நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று வையுங்கள். 12 ஹெச்பி. பக்கத்துக் காட்டு போர்வெல்லேதான். 100-ல் போனால் மைலேஜ் 17-க்கு இறங்குகிறது, கணக்கு 20 ஹெச்பிக்கு வருகிறது. வேகம் கால்வாசிதான் கூடியது. ஆனால் காற்றைக் கிழிக்க ஆகும் பவர் வேகத்தின் முப்படியாக ஏறும் என்பதால் அந்தப் பங்கு மட்டும் இரட்டிப்பாகிறது. வேகன்ஆர் மாதிரி நெட்டையான வண்டிக்கு இது நன்றாகவே உறைக்கும். 120-ல் 30-ஐத் தாண்டிவிடும். ஆனால் 2019 ஜூலைக்கு அப்புறம் வந்த எல்லா வண்டியும் போல இதுவும் 80-ல் நிமிடத்துக்கு ஒருமுறை டிங் அடிக்கும், 120 தாண்டினால் விடாமல் கத்தும். அந்தப் பக்கம் நான் போவதில்லை.

அப்படியானால் மீதி 48 எங்கே? அன்றைக்கு லாரிக்குப் பக்கத்தில் ஏன் வரவில்லை? அந்த 68 என்பது 5,500 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றுச் சுற்றும்போது வருகிற கணக்கு. 2,000 ஆர்பிஎம்மில் இதே இன்ஜின் தரக்கூடியது முழுக்க மிதித்தாலும் 22, 23-தான். நான்காவது கியரில் 55-ல் போகும்போது நான் அங்கேதான் இருந்தேன். அதில் ஏசி கம்ப்ரசர் மூன்று நான்கை எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தைத் தக்கவைக்க ஏழெட்டு போய்விடும். ஐந்து பேரையும் அரிசி மூட்டையையும் தள்ள மிச்சம் இருந்தது பத்து, பதினொரு ஹெச்பி, அவ்வளவுதான். மூன்றாவதுக்குக் குறைத்திருந்தால் ஆர்பிஎம் ஊசி 3,000-க்குப் பக்கத்தில் போயிருக்கும், பவர் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைத்திருக்கும். நம்மில் பலருக்கு கியரைக் குறைப்பது என்றால் வண்டியை வதைக்கிற மாதிரி ஒரு எண்ணம். இன்ஜின் கத்தினால் தேய்ந்துவிடும், பெட்ரோல் குடித்துவிடும் என்று டிரைவிங் ஸ்கூலிலேயே பயம் காட்டி வைத்திருக்கிறார்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முக்க வைப்பதுதான் இன்ஜினுக்கு வதை. அதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு ஞாயிறு விடியற்காலை, காலியான நான்கு வழியில், பையன் கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச் கொடுத்து 60-லிருந்து 90 போக எத்தனை விநாடி என்று பார்த்தோம். நாங்கள் இரண்டு பேர், ஏசி இல்லாமல், மூன்றாவது கியர்: 8 விநாடி. நான்காவதில் 12. இன்னொரு நாள் ஐந்து பேரோடும் ஏசியோடும் மூன்றாவதில் 11, நான்காவதில் 19. கைக்கணக்குதான், ஒரு விநாடி முன்னே பின்னே இருக்கும். ஆனால் 11-க்கும் 19-க்கும் நடுவில் இருப்பதைப் பாருங்கள். 19 விநாடியில் நம் வண்டி 400 மீட்டர் போய்விடுகிறது, எதிரே 70-ல் வருகிற வண்டியும் அதற்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடும். அதாவது முக்கால் கிலோமீட்டர் காலியாக வேண்டும். மூன்றாவதில் 450 போதும். வண்டி அதே வண்டி.

இதற்கு அப்புறம் ஓவர்டேக்கில் எனக்குத் திண்டாட்டம் குறைந்தது. குறைந்தது என்றுதான் சொல்கிறேன், தீரவில்லை. ஐந்து பேர் இருக்கும்போது, இரண்டு வழிச்சாலையில், மூன்றாவதுக்குக் குறைத்தும் மனசு நிறையாத இடங்கள் வருகின்றன. நான்கு வண்டியை விட்டுவிட்டு ஐந்தாவதாக வாய்ப்புப் பார்த்துத்தான் போக வேண்டும். ஷோரூம் பையன் சொன்னதில் சரியான பாதி இதுதான். 83 பிஎஸ் இருந்திருந்தால் அந்த 11 விநாடி 9-க்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

மலைக்கு வருவோம், ஏனென்றால் எல்லோரும் பயப்படுவது மலைக்குத்தான். ஏற்காடு 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,100 மீட்டர் மேலே போக வேண்டும். இதையும் அப்பா தண்ணீர்க் கணக்காகத்தான் பார்த்தார்: இத்தனை எடை, இத்தனை உயரம், அவ்வளவுதானே. ஆட்களோடு 1,200 கிலோ வண்டியை 1,100 மீட்டர் தூக்க ஆகும் சக்தி நான்கு யூனிட்டுக்கும் குறைவு. 40 நிமிடத்தில் ஏறினால் தூக்குவதற்கு ஏழு ஹெச்பி, டயர் உருள, காற்றைத் தள்ள, கியரில் வீணாவதெல்லாம் சேர்த்தால் பத்து, பதினொன்று. ஏசியும் போட்டால் 14. சமவெளியில் 80-ல் போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. எண்பதுகளில் 40 பிஹெச்பிகூட இல்லாத டீசல் அம்பாசடரில் எட்டுப் பத்துப் பேரை அடைத்துக்கொண்டு இதே மலை ஏறியிருக்கிறார்கள். 37 பிஹெச்பி மாருதி 800 ஏறாத மலையா?

மலையில் மாட்டுவது வளைவில்தான். உள்பக்கம் திரும்பும்போது வேகம் 20-க்கு விழும். மூன்றாவதிலேயே இருந்தால் ஊசி ஆயிரத்தைத் தொட்டு வண்டி உதறும். அப்போது மிதித்துப் பயனில்லை. வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது போட்டுவிட வேண்டும். செங்குத்தான ஒன்றிரண்டில், முன்னால் பஸ் நின்றுவிட்டால், முதல் கியர். ஹாஃப் கிளட்ச்சில் சமாளித்தால் கிளட்ச் கருகும் வாசனை வரும். எனக்கு ஒரு தடவை வந்தது, தப்பு என்னுடையது. இன்னொன்று, மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல இழக்கும். ஏற்காடு ஏரிக்கரையில் என் 68 என்பது 58-தான். ஊட்டியில் இன்னும் குறைவு.

அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொல்லியும் ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. மேடு என்று கண்டால் முன்சீட்டிலிருந்து கை நீட்டி ஏசியை அணைத்துவிடுவார். வேர்த்துக் கொட்டினாலும் சரி.

மச்சானிடம் ஹூண்டாய் வென்யூ இருக்கிறது. ஒரு லிட்டர் டர்போ, 120 பிஎஸ், 172 என்எம். 2022-ல் சென்னை கல்யாணத்துக்கு இரண்டு வண்டியும் சேர்ந்தே கிளம்பினோம். திரும்பி வரும்போது பாதி வழியில் மாற்றிக்கொண்டு நான் அதை ஓட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், சுகம். அந்த 172 என்எம் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது; 2,000-ல் என் வண்டி 23 கொடுக்கும் இடத்தில் அது 49 கொடுக்கிறது. கியரைத் தொடாமல் மிதித்தாலே போகிறது. அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது இதுதான், 120 என்ற எண் அல்ல. நான் ஓட்டிய மூன்று மணி நேரத்தில் 120-ஐ ஒரு விநாடிகூடத் தொட்டிருக்க மாட்டேன். இத்தனைக்கும் போகும்போது கல்யாண மண்டபத்துக்கு மச்சான் எனக்கு முன்னால் போனது 15 நிமிடம். அதில் பத்து நிமிடம் நான் டீக்கு நிறுத்தியது. டோல்கேட் வரிசையும் தாம்பரம் நெரிசலும் யார் வண்டி எத்தனை பிஎஸ் என்று கேட்பதில்லை.

யாராவது கேட்டால் நான் சொல்வது: ஊருக்குள்ளேயே ஒருவர் இருவராக ஓட்டுகிறவருக்கு இந்த 68 தாராளம், மிச்சம் எல்லாம் சும்மா சுமந்துகொண்டு திரிவதுதான். நான்கு வழிச்சாலை மட்டும் என்றாலும் போதும். வாராவாரம் ஐந்து பேரோடு இரண்டு வழிச்சாலையில் போகிறவர், மலையிலேயே குடியிருப்பவர் 80, 85-க்குப் போவது நல்லது. இந்த எடை வண்டிக்குச் சொல்கிறேன், வெறும் வண்டியே 1,200 கிலோ இருக்கும் எஸ்யூவிக்கு அதே எண் பத்தாது. கியர் மாற்றுவதே பிடிக்காதவர் பிஎஸ்ஸைப் பார்க்காமல், டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் தொடங்குகிறது என்று பார்த்து வாங்கட்டும். நான் அடுத்து எடுத்தால் 1.2 எடுப்பேன். ஆத்தூர் லாரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மனைவி இந்த வண்டியில்தான் கார் பழகினாள். போன மாதம் ஏற்காடு போனபோது முழு மலையும் அவளே ஓட்டினாள். பக்கத்தில் நான், பின்னால் அப்பாவும் அம்மாவும் பையனும். ஒவ்வொரு வளைவுப் பலகைக்கும் முன்னாலேயே கை தானாக இரண்டாவது கியருக்குப் போனது. இன்ஜின் ஒரு இடத்திலும் முக்கவில்லை. அப்பா ஜன்னல் வழியாகக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் இறங்கிக் கதவைச் சாத்தியதும் வெளிக்காற்று பட்டபிறகுதான் அவருக்கு உறைத்தது போல.

"ஏம்மா, ஏசி போட்டுட்டா வந்த?"