காப்பர்-டி பொருத்தும் சேவை: சாதனத்துக்கு முழு மதிப்பெண், பேச்சுக்குப் பாதிதான்

கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டி 380ஏ-வில் குறை சொல்ல அதிகமில்லை. ஒருமுறை பொருத்தினால் 10 ஆண்டு வரை காக்கும். முதல் ஆண்டில் கரு தங்குவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பிவிடும். ஆனாலும் சில மாதங்களிலேயே "எடுத்துவிடுங்கள்" என்று வரும் பெண்கள் உண்டு. அதற்குப் பெரும்பாலும் சேவைதான் காரணம்.

பொருத்துவதற்குப் பயிற்சி பெற்ற கை வேண்டும். முதலில் உள் பரிசோதனை செய்து, கருப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அளவுக்கம்பியால் கருப்பையின் ஆழம் பார்ப்பார்கள். வழக்கமாக 6 முதல் 9 செ.மீ. இருக்கும். காப்பர்-டியை உள்ளே செலுத்தும் குழாயிலுள்ள வளையத்தை அந்த அளவில் நிறுத்த வேண்டும். காப்பர்-டியின் கைகளைக் குழாய்க்குள் மடக்கி 5 நிமிடத்துக்கு மேல் வைத்தால், உள்ளே போனபின் சரியாக விரியாது. கைகளை விரிக்கும்போது குழாய்க்குள் இருக்கும் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். கம்பியைத் தள்ளுகிறவர்களிடம்தான் கருப்பை துளைபடும் ஆபத்து கூடுகிறது. காப்பர்-டியிலிருந்து வெளியே தொங்கும் நூலைச் சுமார் 3 செ.மீ. விட்டு வெட்டுவது நல்லது. மிகக் குட்டையாக வெட்டினால் உறவின்போது குத்தும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற இடங்கள்கூடப் பேச்சில் கோட்டை விடுகின்றன. முதல் 3 முதல் 6 மாதம் உதிரப்போக்கும் அடிவயிற்று வலியும் கூடும், பிறகு பெரும்பாலும் தணியும் என்று முன்கூட்டியே சொன்னால் பெண் பொறுத்துப் பார்ப்பாள். சொல்லாமல் விட்டால் ஏதோ விபரீதம் என்றுதானே பயப்படுவாள்? ஐபுப்ரோஃபென் ஒத்துக்கொள்பவர்களுக்கு அதுவே வலி, உதிரப்போக்கு இரண்டையும் குறைக்கும். அதையும் யாரும் சொல்வதில்லை.

"ரெண்டு மாசம் பொறுத்துக்கோம்மா" என்று எடுக்க மறுப்பது மிகப் பெரிய குற்றம். கேட்ட அன்றே எடுத்துவிட வேண்டும். காரணம் கேட்கலாம், நிபந்தனை போடக்கூடாது.

திருப்தியை வாசலிலேயே கேட்டால் எல்லாரும் மரியாதைக்கு "நல்லா இருந்துச்சு" என்பார்கள். 3 மாதம் கழித்துக் கேளுங்கள்: வேறு முறைகளைச் சொன்னார்களா, பக்கவிளைவைச் சொன்னார்களா, வந்தால் என்ன செய்வது என்று சொன்னார்களா? மூன்றுக்கும் "ஆமாம்" வந்தால் அந்த இடத்துக்குத் தயங்காமல் போகலாம்.

நூல் தட்டுப்படாமல் போனாலோ, மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, காய்ச்சலோடு துர்நாற்ற வெள்ளை பட்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே போய்க் காட்ட வேண்டும்.